கடலுக்கும் கழிக்கும் நடுவே: திட்டுகளில் படமெடுக்கப் புதிதாக வருவோருக்கு

விடுமுறைக்கு வரும் உறவினர்கள் பையை இறக்கி வைப்பதற்குள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "புதுச்சேரிப் பக்கம் தீவு இருக்கிறதாமே, எங்கே?" இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் படகுக்காரரே கொஞ்சம் யோசிப்பார். இந்தக் கரையில் தண்ணீர் சூழ்ந்த நிலத்துக்குத் திட்டு என்றுதான் பெயர். தேங்காய்த்திட்டு, எம்.ஜி.ஆர். திட்டு என்று ஊர்ப்பெயர்களிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆறு கடலைத் தொடும் இடத்தில் வண்டலும் மணலும் படிந்து உண்டான நிலங்கள் இவை. பாறை இல்லை, குன்று இல்லை. படகில் உட்கார்ந்தபடியே முழுத் திட்டையும் கண்ணுக்கு நேராகப் பார்க்கலாம்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. அந்தமான் படங்களை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இங்கே மேட்டைத் தேடி அலைகிறார்கள். மேலே ஏறி நின்று கீழே பார்க்க நம்மிடம் இடம் கிடையாது. இங்குள்ள காட்சி படுத்துக் கிடப்பது: ஒரு கோடு வானம், ஒரு கோடு மரம், ஒரு கோடு தண்ணீர். படம் எடுத்துப் பார்த்தால் மூன்று பட்டை ரிப்பன் போலத் தெரியும். அந்த ரிப்பனைப் படமாக்குவது முன்னால் நிற்கும் ஒரு பொருளும், தண்ணீரில் விழும் நிழலும், பக்கவாட்டில் வரும் வெளிச்சமும்தான். ஆகவே இங்கே இடம் தேடுவது என்றால் பாதிக்கு மேல் நேரம் தேடுவது.

எந்தத் தண்ணீர் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இரண்டு மூன்று நாள் விடுமுறையில் எல்லாவற்றையும் பார்த்துவிட முயல வேண்டாம். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான். பஸ்ஸுக்குப் பஞ்சமே இல்லை. கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். அங்கிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரம் இன்னும் ஒரு பதினைந்து. இந்த நீளத்துக்குள் புதியவர்களுக்கு ஏற்ற இடங்கள் மூன்று உள்ளன. ஒவ்வொன்றின் குணமும் வேறு.

முதலாவது சுண்ணாம்பாறு. புதுச்சேரியிலிருந்து கடலூர்ச் சாலையில் நோணாங்குப்பத்தில் இறங்கினால் படகுக் குழாம். சங்கராபரணி ஆறு கடலை நெருங்கும்போது அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என்று இரண்டாகப் பிரிகிறது. அந்தச் சுண்ணாம்பாற்றில் படகேறிப் போனால், ஒரு பக்கம் உப்பங்கழியும் மறுபக்கம் கடலுமாக நீண்டு கிடக்கும் மணல்வெளியில் இறக்கிவிடுவார்கள். பாரடைஸ் பீச் என்று எல்லோருக்கும் தெரிந்த இடம். குழந்தைகளுடன் வருவோருக்கு இதுவே வசதி. குறையும் உண்டு: படகு புறப்படும் நேரத்துக்குள் வெயில் ஏறிவிடும், எனவே அந்த மணலில் சூரிய உதயம் கிடைக்காது. அதற்காக வருந்தாமல் பிற்பகல் படகில் போங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

இரண்டாவது கடலூர். நான் மஞ்சக்குப்பத்துக்காரன் என்பதால் சற்றுக் கூடுதலாகப் புகழ்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கு எல்லோரும் வருகிறார்கள். அதற்கு வடக்கே தாழங்குடாவில் தென்பெண்ணை கடலில் சேரும் முகத்துவாரத்துக்கு வருகிறவர்கள் குறைவு. ஆற்று நீர் ஒரு நிறம், கடல் நீர் ஒரு நிறம், நடுவே மணல் நாக்கு. மழைக்காலம் முடிந்த பிறகு பார்த்தால் அந்த நாக்கு சென்ற ஆண்டு இருந்த இடத்தில் இருக்காது. தெற்கே முதுநகர்ப் பக்கம் உப்பனாறு. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மணல் நிலத்தில் சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம் என்று மீனவர் ஊர்கள். ஆற்றின் இக்கரையில் நின்றால் கட்டியிருக்கும் படகுகளின் வண்ணம் அப்படியே தண்ணீரில் இறங்கியிருக்கும்.

மூன்றாவது பிச்சாவரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கழிமுகத்தில், நூற்றுக்கணக்கான வாய்க்கால்களால் துண்டு துண்டாக வெட்டப்பட்ட அலையாத்திக் காடு. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்க்கப்பட்ட இடம். ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் மற்ற இரண்டையும் விட்டுவிட்டு இங்கே போங்கள் என்பேன்.

கேமராவைத் தொடாமல் ஒரு முறை

இடம் தேடுவதை வீட்டிலிருந்தே தொடங்கலாம். செல்போன் வரைபடத்தில் செயற்கைக்கோள் காட்சியை வைத்துக்கொண்டு கரையோரமாக விரலை நகர்த்துங்கள். கரும்பச்சை அலையாத்தி, வெளிர் பழுப்பு மணல், பாசி நிறத்தில் ஆழம் குறைந்த தண்ணீர். ஆறு வளைந்து கடலோடு சேரும் இடங்களையும் தனியாக ஒதுங்கிய திட்டுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் கிழக்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் வருகிறவர்கள்தான் காலை ஏழு மணிக்குக் கடலைப் பார்த்து நின்று, "முகமெல்லாம் கறுப்பாக விழுகிறதே" என்று குறைபட்டுக்கொள்கிறார்கள்.

வரைபடத்தை முழுதாகவும் நம்ப வேண்டாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. அன்று மாறியது ஒரு புறம் இருக்கட்டும், சாதாரண வடகிழக்குப் பருவமழையே முகத்துவாரத்தின் மணலைத் தள்ளி வைத்துவிடும். ஆகவே வந்து இறங்கியதும் முதல் மாலையில் வெறுங்கையோடு ஒரு நடை போய்வாருங்கள். எங்கே நின்றால் மின்கம்பி குறுக்கே வராது, எங்கே சேறு, எந்தக் கட்டுத்தறியில் விடியும் வரை படகு கட்டியிருக்கும் என்று பார்த்துக்கொண்டாலே போதும். மறுநாள் விடியற்காலை இருட்டில் அந்த இடத்துக்குப் போகக் கால் தானாக வழி கண்டுபிடிக்கும்.

அந்த நடையில் டீக்கடை ஒன்றும் படகுக்காரர் ஒருவரும் கட்டாயம் அகப்படுவார்கள். "நல்ல இடம் எது?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், எல்லோரையும் அனுப்பும் இடத்துக்கே உங்களையும் அனுப்புவார். "அண்ணே, விடியற்காலை வலை எங்கே இழுப்பார்கள்? கொக்கு எந்தப் பக்கம் இறங்கும்? பனி எங்கே தங்கும்?" என்று கேளுங்கள். கேள்வி குறிப்பாக இருந்தால் பதிலும் அப்படியே வரும்.

சூரியன் எந்தப் பக்கம்

நாம் கிழக்குக் கரைக்காரர்கள். சூரியன் கடலில் எழுகிறது, நிலத்தில் மறைகிறது. மேற்குக் கரையில் எடுக்கும் "கடலில் மறையும் சூரியன்" படம் நமக்குக் கிடையாது. பதிலுக்கு நமக்குக் கிடைத்திருப்பது அதிகாலை.

உதய நேரம் ஜூன் தொடக்கத்தில் ஏறத்தாழ 5.45, ஜனவரிக் கடைசியில் 6.35 வரை போகும். வானம் சிவக்கத் தொடங்குவது அதற்கு இருபது இருபத்தைந்து நிமிடங்களுக்கு முன்பு. நிறம் அப்போதுதான். வெளிநாட்டுப் பயிற்சிக் காணொளிகளில் "பொன்வேளை ஒரு மணி நேரம்" என்று சொல்வதைக் கேட்டுவிட்டு இங்கே சாவகாசமாக இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறோம், பன்னிரண்டு டிகிரிதான். சூரியன் இங்கே சாய்வாக ஊர்ந்து வராமல் செங்குத்தாக ஏறும். உதித்து இருபத்தைந்து முப்பது நிமிடங்களில் மெல்லிய பொன்னிறம் போய், வெயில் வந்துவிடும்.

சூரியன் எழும் இடமும் ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. மார்கழியில் நேர்க்கிழக்கிலிருந்து தெற்கே தள்ளி எழும், ஆனியில் வடக்கே தள்ளி எழும். இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட நாற்பத்தெட்டு டிகிரி வித்தியாசம். யாரோ ஜனவரியில் படகுக்கு நேர் பின்னால் சூரியனை வைத்து எடுத்த படத்தை நீங்கள் ஜூனில் அதே இடத்தில் நின்று எடுக்க முடியாது.

இப்போது சுண்ணாம்பாற்றுக்குப் பிற்பகலில் போகச் சொன்ன காரணம். காலையில் கடலைப் பார்த்தால் சூரியன் எதிரே. தண்ணீர் வெள்ளித் தகடு. மூன்று மணிக்கு மேல் அதே கடலைப் பாருங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் போயிருக்கும். அலை நீலமும் பச்சையுமாகத் தெரியும், நுரை வெண்மையாகத் தெரியும், எதிரே நிற்கும் பிள்ளைகளின் முகத்தில் வெளிச்சம் விழும். குடும்பப் படங்களுக்கு அதுதான் வேளை. நடுப்பகல் எந்த மாதத்திலும் சிரமம்தான். ஏப்ரல் பிற்பாதியிலும் ஆகஸ்ட் பிற்பாதியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். நிழல் காலடிக்குள் அடங்கிவிடும், கண்குழி மட்டும் கறுக்கும். அந்த நேரத்தில் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவது கலைக்குச் செய்யும் சேவை.

ஒரு ரகசியம் உண்டு, நாள்காட்டியைப் பார்த்து வருவோருக்கு மட்டும். பௌர்ணமியன்று சூரியன் நிலத்தில் மறையும் நேரத்தில் நிலா கடலிலிருந்து எழும். ஆனால் அப்போது இருட்டிவிடுவதால் நிலா வெறும் வெள்ளைப் பொட்டாகவும் மற்றதெல்லாம் கறுப்பாகவும் விழும். அதனால் பௌர்ணமிக்கு முந்தைய நாள் வாருங்கள். நிலா சூரிய மறைவுக்கு முக்கால் மணி நேரம் முன்னதாகவே எழுந்துவிடும். நிலாவும் இருக்கும், அலையையும் படகையும் காட்டும் பகல் வெளிச்சமும் மிச்சம் இருக்கும். சில்வர் பீச்சில் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை இதற்காகவே நான் போய் நிற்பதுண்டு. நிலா பெரிதாக வேண்டுமென்றால் ஜூம் லென்ஸோடு பின்னால் தள்ளி நின்று, எழும் திசையில் ஒரு படகையோ மனிதரையோ நிறுத்துங்கள்.

தண்ணீர் எந்த அளவு

கழியில் தண்ணீர் நாளுக்கு இரண்டு வேளை ஏறும், இரண்டு வேளை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் ஆறு மணி நேரம். ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம் போலப் பின்தள்ளும். நம் கரையில் உயர வித்தியாசம் பெரிதல்ல, அமாவாசை பௌர்ணமியை ஒட்டிக்கூட ஒரு மீட்டர் அளவுதான். ஆனால் இடுப்பளவு ஆழமே உள்ள வாய்க்காலில் ஒரு முழம் இறங்கினாலே காட்சி மாறிவிடும். அலை ஏற்ற நேரங்களைக் காட்டும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. கடலூர் அல்லது புதுச்சேரி என்று வைத்துப் பார்க்கலாம். கழிக்குள்ளே அந்த நேரம் சற்றுத் தாமதமாக வரும்.

ஏற்றத்தில் மரங்களின் கொப்பு தண்ணீரைத் தொடும், நிழல் முழுதாக விழும், படகு குறுகிய வாய்க்காலுக்குள்ளும் நுழையும். வற்றத்தில் வேர்கள் வெளியே வரும், சேற்றில் நண்டு ஓடும், கொக்கும் நாரையும் இரை தேடி இறங்கும். பிச்சாவரத்துப் படகுக்காரர் ஒருவரிடம் எது நல்லது என்று கேட்டேன். "வேர் வேண்டுமா, வாய்க்கால் வேண்டுமா தம்பி? இரண்டையும் ஒரே டிக்கெட்டில் கேட்டால் எப்படி?" என்றார். சொன்னது போலவே அன்று திரும்பும் வழியில் படகு தரை தட்டியது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கித் தள்ளினார். நான் செய்த உதவி, அசையாமல் உட்கார்ந்திருந்தது.

காற்றையும் சேர்த்துப் பாருங்கள். தண்ணீரில் நிழல் வேண்டும் என்றால் காற்று எழுவதற்கு முன் போக வேண்டும். வெயில் ஏறினால் கடலிலிருந்து காற்று உள்ளே வரத் தொடங்கும், கண்ணாடி உடைந்துவிடும். மார்கழி, தை மாத விடியலில் கழியின் மேல் பனி ஒரு முழம் உயரத்துக்கு நிற்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக் காற்றும் மழையுமாக இருக்கும். மேகம் அழகுதான், ஆனால் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் படகு கிடையாது, அடம்பிடிக்க வேண்டாம்.

பிச்சாவரத்துக்குள்

முதல் முறை நான் போனது ஒரு சித்திரை நடுப்பகல், பன்னிரண்டரை மணி. தொண்ணூற்று ஏழு படங்கள் எடுத்தேன். இலையெல்லாம் எண்ணெய் தடவியது போலப் பளபளத்தது, வானம் வெள்ளைத் தாள். ஒன்றுகூட வீட்டுச் சுவருக்கு வரவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ முறை போய்க் கற்றது இது.

முந்தைய இரவே சிதம்பரத்தில் தங்கிவிடுங்கள். முதல் படகுக்கு முன்பே துறையில் இருங்கள். கட்டியிருக்கும் துடுப்புப் படகுகளின் வரிசையே நல்ல தொடக்கப் படம். மோட்டார் படகு வேண்டாம். அது அகன்ற நீர்ப்பரப்பில் ஓட்டிவிட்டுத் திரும்பிவிடும், அதிர்வு வேறு. சுரபுன்னை மரங்கள் இரு பக்கமும் வளைந்து கூரை போட்டிருக்கும் குறுகிய வாய்க்கால்களுக்குள் துடுப்புப் படகுதான் போகும். பணம் பார்க்காமல் நேரம் அதிகமுள்ள பயணத்தை எடுங்கள். ஏறும்போதே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, எனக்கு வேகம் வேண்டாம், சொன்னால் துடுப்பைத் தூக்கி நிறுத்துங்கள்." துடுப்பு நின்று ஒரு நிமிடம் ஆனால் சுற்றிலும் அலை அடங்கும். அந்த நிமிடம்தான் படம்.

உட்காரும் இடம் முக்கியம். படகின் முனையில், யாருடைய தலையும் குறுக்கே வராத இடத்தில், முடிந்தவரை தாழ உட்காருங்கள். எழுந்து நிற்காதீர்கள், படகும் ஆடும், படமும் கெடும். கேமராவைத் தண்ணீருக்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்துப் பாருங்கள். தட்டையான திட்டு திடீரென்று உயர்ந்து நிற்கும், நிழல் இரட்டிப்பாகும். மேலேறப் பார்வைக் கோபுரம் ஒன்று துறையருகே உண்டு, திறந்திருந்தால் ஏறிப் பாருங்கள். காடு துண்டு துண்டாகக் கிடப்பது அங்கிருந்துதான் புரியும். ஆனால் என் வாக்கு தாழ்ந்த கோணத்துக்கே.

வாய்க்கால் கூரைக்குள் நுழைந்ததும் வெளிச்சம் சட்டென்று குறையும். செல்போன் என்றால் பச்சை நிறத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் இலை இடுக்கில் தெரியும் வானத்தைப் பார்த்துக் காட்டையே கறுப்பாக்கிவிடும். வானம் ஒரு துளி கூட வராமல் சட்டத்தை அமைப்பது இன்னும் நல்லது. கேமரா என்றால், குறைந்த வெளிச்சத்திலும் படம் விழ உதவும் ஐஎஸ்ஓ எண்ணை 1600 வரை தயங்காமல் ஏற்றுங்கள். படகு நிற்கிறது என்று உங்களுக்குத் தோன்றும், அது நிற்பதே இல்லை. ஷட்டர் வேகம் நொடியில் இருநூற்றைம்பதில் ஒரு பங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். வெளியே திறந்த நீருக்கு வந்ததும் ஐஎஸ்ஓவைத் திரும்பக் குறைக்க மறப்பது எல்லோரும் செய்யும் தவறு, நானும் செய்வேன்.

பறவைக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். பறக்கும் கொக்குக்கு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காவது வேகம் வேண்டும். செல்போனில் பறவையைத் துரத்தாதீர்கள், புள்ளியாகத்தான் வரும். பறவை உட்கார்ந்திருக்கும் கிளையையும் அதன் நிழலையும் சேர்த்து எடுத்தால் அந்தப் புள்ளிக்கே ஒரு பொருள் வரும்.

இலைகளின் பளபளப்பையும் நீரின் கண்கூசும் மினுமினுப்பையும் குறைக்க போலரைசர் வடிகட்டி உதவும். இல்லாதவர்கள், போலரைஸ்டு வகைக் குளிர்கண்ணாடியைச் செல்போன் லென்ஸின் முன் பிடித்து மெல்லச் சுழற்றிப் பாருங்கள். ஒரு கோணத்தில் தண்ணீரின் மினுமினுப்பு மறைந்து அடி தெரியும். தண்ணீரில் விழும் நிழல் வேண்டிய படத்துக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. நிழலையும் சேர்த்து அழித்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. பச்சைக்கு நடுவே சிவந்த இலைகளோடு ஒரு மரம் கண்ணை இழுக்கும். அதுதான் தில்லை, சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழம்பெயரைக் கொடுத்த மரம். உதிரும் முன் அதன் இலை சிவக்கும், படத்துக்கு அருமை. ஆனால் கிளையை ஒடித்து முன்னால் பிடித்துக்கொண்டு படமெடுக்கும் வேலை வேண்டாம். அதன் பால் தோலில் பட்டால் புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. கண்ணை நம்பித் தொழில் செய்கிறவர்கள் கொஞ்சம் எட்டவே இருக்கலாம்.

உயிர்காப்பு அங்கியைப் "படத்துக்காக" கழற்றச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கழற்றாதீர்கள். பச்சைக் காட்டுக்குள் ஆரஞ்சு நிறத்தைப் போல எடுப்பான நிறம் வேறு எது?

கரையில் நிற்கும்போது

கழியைப் போலக் கடல் பொறுமைசாலி அல்ல. நம் கரை சட்டென்று ஆழமாகும், இழுவை அதிகம். பாரடைஸ் பீச்சானாலும் சில்வர் பீச்சானாலும் முழங்காலுக்கு மேல் இறங்கிப் படமெடுப்பதில்லை என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையோரப் பாறைகளில் பாசி படிந்திருக்கும். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்கிறவரின் செருப்பு மட்டும் திரும்பி வந்த கதைகள் உண்டு.

தொடுவானம் நேராக இருக்கட்டும். கட்டக் கோடுகளைத் திரையில் போட்டுவிட்டாலே போதும். கடல் ஒரு பக்கமாக வழிந்தோடும் படத்தை எந்த வண்ணத் திருத்தமும் காப்பாற்றாது. பிறகு, முன்னால் ஏதாவது வையுங்கள்: வலைக்குவியல், நங்கூரம், அடம்பங்கொடி, மணலில் ஒரு நண்டு வளை. வெறும் கடல் நேரில் பார்க்கத்தான் பெரியது.

அரிக்கமேட்டுக்கும் சிலர் போகிறார்கள். அரியாங்குப்பம் ஆற்றங்கரை, மாலை வெளிச்சத்தில் தென்னந்தோப்பு நன்றாக இருக்கும். 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அகழ்ந்து ரோமானிய வணிகத் தொடர்பை உலகுக்குக் காட்டிய இடம். ஆனால் இப்போது நிமிர்ந்து நிற்கும் செங்கல் சுவர்கள் பிரெஞ்சுக்காரர் காலத்து மடத்தின் மிச்சம். "ரோமானியர் கட்டிய சுவர்" என்று படத்தின் கீழே எழுதி விடாதீர்கள்.

மனிதர்கள், அனுமதி

மீன்பிடித் துறையின் விடியற்காலை ஏலம் போல உயிருள்ள காட்சி இந்தக் கரையில் வேறில்லை. ஆனால் அது அவர்களுடைய அலுவலகம். உங்கள் அலுவலகத்தில் ஒருவர் வந்து கேட்காமல் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டினால் எப்படி இருக்கும்? முதலில் ஓரமாக நில்லுங்கள். கண் பட்டதும் கேளுங்கள். முதுநகரில் மீன் விற்கும் ஓர் அக்காவிடம், "ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா அக்கா?" என்றேன். "எடு தம்பி. முதலில் மீனை எடு" என்றார். அரைக் கிலோ சங்கரா வாங்கிய பிறகு அவர் சிரித்த சிரிப்பு, அந்த ஆண்டில் நான் எடுத்த முகங்களில் சிறந்தது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது வந்தால் ஏலத்தின் பரபரப்பு இருக்காது. பதிலாகப் படகுகள் எல்லாம் கரைக்கு வந்து, வண்ணம் பூசி, வலை பின்னிக் கொண்டிருக்கும் காட்சி கிடைக்கும். அதுவும் ஆண்டுக்கு ஒரு முறைதான். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்துக்கும் புதுச்சேரி வைத்திக்குப்பத்துக்கும் கிள்ளைக்கும் தீர்த்தவாரிக்காகச் சுவாமிகள் எழுந்தருளும். கூட்டத்தில் டிரைபாட் விரிக்க முடியாது, செல்போனே போதும்.

காடு வனத்துறையின் பொறுப்பில் உள்ளது. குடும்பப் படத்துக்குத் தடையில்லை. திருமணப் படப்பிடிப்பு, விளம்பரம் என்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். துறைமுகத்தில் படமெடுக்கக் கூடாது என்று பலகை இருந்தால் விட்டுவிடுங்கள். டிரோன் வைத்திருப்பவர்கள் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தின் வரைபடத்தில் அந்த இடம் எந்த நிறத்தில் இருக்கிறது, பறக்க அனுமதி உண்டா என்று பார்த்த பிறகே பறக்கவிட வேண்டும். புதுச்சேரியில் விமான நிலையம் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். பறவை கூடு கட்டும் திட்டின் மேல் அனுமதி இருந்தாலும் பறக்கவிடாதீர்கள். கூடு இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் குறித்து இணையத்தில் போடுவதும் வேண்டாம், ஊர்ப்பெயர் போதும்.

இரவு வேலை

உப்பு சும்மா இருக்காது. அறைக்குத் திரும்பியதும் ஈரம் பிழிந்த மெல்லிய துணியால் கேமராவையும் செல்போனையும் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். லென்ஸை முதலில் ஊதி மணலை விரட்டிவிட்டுத்தான் துணி வைக்க வேண்டும். மணலோடு துடைத்தால் கீறல் விழும். சட்டை நுனி ஆகாது. டிரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். என்னுடைய முதல் டிரைபாட்டின் திருகு துருப்பிடித்து, நடுக்காலை நீட்டிய நிலையிலேயே நின்றுவிட்டது. இப்போது அதில் தக்காளிச் செடி படர்கிறது.

குளிரூட்டிய அறையில் தூங்கினால் கேமராவையும் உள்ளே வைத்துக் குளிரவிடாதீர்கள். விடியலில் வெளியே எடுத்ததும் லென்ஸ் முழுவதும் ஆவி படிந்து, அது தெளிய இருபது முப்பது நிமிடம் ஆகும். நம் பொன்வேளையே அவ்வளவுதான். குளியலறையிலோ வராந்தாவிலோ பைக்குள் மூடி வையுங்கள். அல்லது புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பே பையோடு வெளியே வைத்துவிடுங்கள்.

அன்றைய படங்களை வேறொரு இடத்துக்கு நகல் எடுங்கள். பேட்டரியைச் சார்ஜில் போடுங்கள். நாளைய ஏற்ற நேரத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, ஜூன் என்றால் நாலே முக்காலுக்கு, ஜனவரி என்றால் ஐந்தரைக்கு அலாரம் வையுங்கள். முதுநகர்ப் பக்கம் அந்நேரத்துக்கே டீக்கடை திறந்திருக்கும்.